மெக்கன்சி என்ன கூட்டமுங்க?

வெள்ளகோவில் பக்கம் புது ஆள் யாராவது திண்ணையில் உட்கார்ந்தால், பேரைக் கேட்பதற்கு முன்பே மூன்று கேள்வி வந்து விழும். "எந்த ஊருங்க? யாரு வூடு? என்ன கூட்டம்?" கூட்டம் என்றால் எங்கள் பக்கம் குலம். மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் காப்பி, இல்லாவிட்டால் மோரோடு சரி.

இதே மூன்று கேள்வியையும் தென்னிந்தியா முழுக்க ஆள் விட்டுக் கேட்ட ஒரு வெள்ளைக்காரர் உண்டு. கர்னல் காலின் மெக்கன்சி. ஊரார் பூர்வீகத்தையெல்லாம் துருவியெடுத்த மனுசனின் பூர்வீகத்தை நம்மவர் ஒருவரும் விசாரிக்காமல் விட்டது மரியாதையில்லை. ஆகவே, வாங்க கர்னல், உட்காருங்க.

எந்த ஊருங்க? ஸ்டோர்னோவே. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே, லூயிஸ் தீவில் இருக்கும் துறைமுகம். பிறப்பு 1754 வாக்கில். யாரு வூடு? வியாபாரி மர்டோக் வூடு. அவர்தான் அந்த ஊரின் முதல் போஸ்ட்மாஸ்டர். அடுத்தவர் சங்கதி கை மாறிப் போகும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்தவர் வம்சத்தின் மேல் ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்?

என்ன கூட்டம்? அதைப் பேரிலேயே வைத்திருக்கிறார். 'மெக்' என்றால் மகன். மெக்கன்சி, கென்னத்தின் மகன். ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் நம்மைப் போலவே கூட்டம் உண்டு, தலைக்கட்டு உண்டு, பழம்பகை உண்டு. கூட்டத்துக்கொரு கட்டம் போட்ட துணியும் உண்டு; ஆதி காலத்து வழக்கம் என்று சொல்லிக்கொள்வார்கள், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த காலினுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் கூட்டத் தலைவர் சீஃபோர்த் பிரபு. சொந்தக்காரர் சிபாரிசு காங்கேயம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை.

1783 செப்டம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். முப்பதை நெருங்கிய வயசு. முதல் வேலையே நம்ம கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமையில்தான். போனவர் போனவர்தான், ஸ்டோர்னோவேக்குத் திரும்பவேயில்லை.

"அப்போ கல்யாணம்?" என் அம்மிச்சி இருந்திருந்தால் இந்த இடத்தில் கேட்டிருப்பார். ஆத்தா, அவசரப்படாதீங்க. மனுசர் மைசூரை அளந்தார், கல்வெட்டுகளைப் படியெடுக்க வைத்தார், ஜாவாவுக்குப் படையோடு போனார். அங்கே, 1812இல், அறுபதைத் தொடப்போகிற வயசில்தான் தாலி... சரி, மோதிரம். மணப்பெண் பெட்ரனெல்லா பார்ட்டெல்ஸ், டச்சு வழிப் பெண், மாப்பிள்ளையைவிட ரொம்ப இளையவர்.

குடும்பப் படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த ஓவியம் கிடைக்கிறது. சிவப்புக் கோட்டில் மெக்கன்சி நிற்கிறார். கூடவே இந்திய உதவியாளர்கள் மூன்று பேர். கல்யாணமாகி நாலு வருசம், சம்சாரத்தைக் காணோம்!

படம் பொய் சொல்லவில்லை. அவருடைய நிஜக் குடும்பம் அந்த உதவியாளர்கள்தான். கர்னலுக்கு நம் பாஷை ஒன்றும் வராது. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, ஓலையை வாங்கி, கதையை எழுதி வந்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி என்கிற தெலுங்குச் சகோதரர்களும் அவர்களோடு சேர்ந்த ஆட்களும். போரய்யா 1803இலேயே போய்விட்டார், தம்பிகள் தொடர்ந்தார்கள்.

சேர்ந்த சரக்கு கொஞ்சநஞ்சமில்லை: 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 காசுகள், 2,630 சித்திரங்கள், 1,568 சுவடிகள். அதற்குள்ளே நம்ம சொத்தும் ஒன்று இருந்தது: 'கொங்குதேச ராஜாக்கள்'. கொங்கு நாட்டை ஆண்டவர்களை வரிசைப்படுத்தும் தமிழ் வரலாறு. நாம் அடுத்த வீட்டுக்காரனின் ஏழு தலைமுறையை விரல்விட்டுச் சொல்வோம்; நம்மை ஆண்டவர்களின் பட்டியலைப் பத்திரப்படுத்த லூயிஸ் தீவிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருந்தது.

1821இல் கல்கத்தா அருகே காலமானார். இந்தச் சேகரத்துக்கு அவர் கைக்காசு 15,000 பவுனுக்குமேல் போனதாகக் கணக்கு. கம்பெனி பெட்ரனெல்லாவுக்குக் கொடுத்தது 10,000. புருசன் வாங்கிப்போட்ட பழைய ஓலையை மூன்றில் ஒரு பங்கு நட்டத்தில் தள்ளிவிட்டதோடு, நமக்குத் தெரிந்த இல்லறக் கதை முடிகிறது.

மிச்சமிருந்தவர் லட்சுமய்யா. ஐயா விட்ட வேலையை நான் தொடர்கிறேன் என்று மனு போட்டார். 1836இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஜேம்ஸ் பிரின்செப், இது இந்தியர் ஒருவரின் தகுதிக்கு மேற்பட்ட வேலை என்று கைவிரித்தார். பாஷை தெரியாத கர்னலுக்கு இருந்த தகுதி, பாஷை தெரிந்த லட்சுமய்யாவுக்கு இல்லையாம். சுவடிகள் வில்லியம் டெய்லர் என்கிற பாதிரியார் கைக்குப் போயின.