நாகர்கோவில்காரரின் ஏவுகணை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பிரம்மோஸ் ஏவுகணை நிறுவனத்தை நடத்தியவர் தமிழராமே, யார் அவர்? (புந்தோங், ஈப்போ)

பதில்: அ. சிவதாணு பிள்ளை. 1947-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ்நாட்டில் ரப்பர் விளைகிற மாவட்டத்து ஊர் அது. தோட்டத்துப் பிள்ளைகள் நெருங்கிய ஊராக நினைத்துக்கொள்ளலாம். படித்தது மின்பொறியியல். ராக்கெட்டைக் கற்றுக்கொண்டது 1969-இல் இஸ்ரோவில் சேர்ந்த பிறகுதான்.

கேள்வி: ராக்கெட் செய்தவர் முதலாளி நாற்காலிக்கு எப்படி வந்தார்? (தைப்பிங்)

பதில்: மெதுவாக! அப்துல் கலாமின் எஸ்எல்வி-3 அணியில் இருந்தார். 1979 ஆகஸ்டில் அந்த ராக்கெட் கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 1986-இல் கலாமின் ஏவுகணைத் திட்டத்துக்குப் போனார். அக்னி, பிருத்வி எல்லாம் அங்கே ஒரே குடையின்கீழ். எந்த ஆய்வகம் எதை எப்போது தரவேண்டும், எது பிந்துகிறது, ஏன் பிந்துகிறது என்று விடாமல் பார்த்துக்கொள்ளும் திட்ட மேலாண்மைதான் அவர் பொறுப்பு. அவரைத் தலைமைக்குப் பழக்கியது எந்தப் பட்டமும் அல்ல, அந்த வேலைதான் என்பேன்.

1998 பிப்ரவரி 12-இல் இந்தியாவும் ரஷ்யாவும் பிரம்மோஸுக்கு ஒப்பந்தம் போட்டன. கூட்டு நிறுவனத்தில் இந்தியாவுக்கு 50.5 விழுக்காடு, ரஷ்யாவுக்கு 49.5. தலைமைப் பொறுப்பு பிள்ளைக்கு. 2001 ஜூன் 12-இல் ஒடிசாவின் சாந்திப்பூரில் முதல் ஏவுகணை பறந்துவிட்டது. இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள், இரண்டு அரசாங்கங்களின் கோப்புகள். அத்தனைக்கும் நடுவே மூன்றரை ஆண்டுக்குள் முடித்ததுதான் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை. 2014 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2013-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

கேள்வி: பிரம்மோஸின் வேகம் என்ன? (தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: ஒலியைப்போல் 2.8 மடங்கு. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குச் சாலையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

கேள்வி: தாத்தா பால்மரம் சீவியவர். ரப்பருக்கும் வானத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (சுங்கை சிப்புட்)

பதில்: நிறையவே உண்டு. விமான டயர்களில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான். சக்கரம் தரையைத் தொடும்போது எழும் சூட்டைத் தாங்குவதில் செயற்கை ரப்பர் அதற்கு ஈடாகாது. திட எரிபொருள் ராக்கெட்டிலோ கதை மாறும். அலுமினியத் தூளையும் ஆக்சிஜன் தரும் உப்பையும் இறுகப் பிடித்துக்கொண்டு, தானும் சேர்ந்து எரிவது செயற்கை ரப்பர். தாத்தா சீவிய பால் எத்தனையோ விமானங்களைப் பத்திரமாகத் தரையில் இறக்கியிருக்கும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆளைக் கொல்லும் ஆயுதத்துக்கு நாம் பெருமைப்பட வேண்டுமா? (தெலுக் இந்தான்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளை ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 9-இல் இந்திய விமானப் படையின் பிரம்மோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானில் விழுந்தது. வெடிமருந்து இல்லாததால் யாரும் சாகவில்லை. மூன்று அதிகாரிகள் வேலையிழந்தார்கள். இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே நடந்தது இது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆனால் பிள்ளை முன்பு வேலைசெய்த கலாமின் ஏவுகணைத் திட்டத்துக் கலவைப் பொருளில்தான், போலியோ தாக்கிய குழந்தைகளுக்குக் கலாமின் அணி கால்தாங்கி செய்தது. மூன்று கிலோ இரும்பைச் சுமந்த கால் 300 கிராமோடு நடந்தது. நான் பெருமைப்படுவது அந்த அறிவையும் உழைப்பையும் கண்டு. ஆயுதம் பயன்படாமலே துருப்பிடிக்கட்டும்.

கேள்வி: மகன் படிவம் 3. விமானப் பைத்தியம். "தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" என்கிறார்கள் உறவினர்கள். (பாரிட் புந்தார்)

பதில்: உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அங்கே விமான, விண்வெளிப் பொறியியலுக்குத் தனிப் பள்ளியே உண்டு. 2001-க்கு முன் அந்த வளாகம் நம் பேராவில், துரோனோவில் இருந்தது. போர்க்கப்பல் கட்டும் லுமுட் தளமும் நம் மாநிலத்தில்தான். அங்கும் பொறியாளர்கள் வேண்டும். படிவம் 4-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் "கஷ்டம்" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இந்த விடுமுறையிலேயே மகனை அந்த வளாகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள், அம்மா.