கல் வந்தது, கழிப்பறை வரவில்லை

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் சுமார் 4,500 ஆண்டுகளாக நிற்கும் பெருங்கற்களைப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு கௌரவமான கழிப்பறையும் காபிக் கடையும் எங்கே வைப்பது என்று அந்நாட்டார் பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இருந்த வசதிகளை 'தேசிய அவமானம்' என்று 1993இல் நாடாளுமன்றக் குழுவே திட்டித் தீர்த்தது. அதன் பிறகும் திட்டங்கள் வரைபடத்திலேயே கிழடு தட்டின. ஒருவழியாக 2013 டிசம்பரில், 2.7 கோடி பவுண்டு செலவில், பார்வையாளர் மையம் திறந்தது. குச்சிக் குச்சியாய்ச் சாய்ந்த தூண்கள், அலையாய் வளைந்த துத்தநாகக் கூரை, அறைச் சூட்டுக்கு நிலத்தடி வெப்பம். வேண்டாமென்றால் தடம் தெரியாமல் கழற்றிவிடலாமாம். (கல்லை நட்டவர்களுக்கு இந்த நாசூக்கு தெரியாமல் போனது நம் அதிர்ஷ்டம்.)

மையத்துக்கும் கற்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதல். அவ்வளவு தூரத்துக்குக் கூட்டத்தை ஏற்றிச்செல்ல விட்ட குட்டி ரயில் போன்ற சாலை வண்டிகள் திணறிப்போய், பேருந்து விட வேண்டியதாயிற்று. சக்கர வண்டியே இல்லாத அந்தப் பழைய ஆட்களோ ஸ்டோன்ஹெஞ்சின் டன் கணக்கான நீலக்கற்களை வேல்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அவர்களிடம் டெண்டரும் ஆலோசகரும் இருந்திருந்தால் கல் இன்னும் வேல்ஸில்தான் கிடக்கும்.