குளிக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

"அப்பா, நீங்கள் தனியத்தானே குளிக்கிறனீங்கள்?"

லண்டனில் இருக்கும் மகள் நேற்றிரவு வட்ஸ்அப்பில் கேட்டாள். ஓம் என்றேன். சட்டை போடுவது? அதுவும் நான்தான். சாப்பிடுவது? அதற்கு ஒருநாளும் துணை தேவைப்பட்டதில்லை. "அப்ப கஷ்டம் அப்பா" என்று போனை வைத்துவிட்டாள். இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.  

அவள் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது 2012 ஜூலையில் பிரித்தானியா எழுதி வைத்த விதி. வயதாலோ நோயாலோ அன்றாடக் காரியங்களுக்கே நீண்டகாலம் இன்னொருவர் கை தேவைப்படுகிற பெற்றோருக்குத்தான் பிள்ளையோடு போயிருக்க விசா. அதுவும், பிள்ளை பவுண் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு ஊரில் கிடைக்கக்கூடாது. அந்தக் கணக்கில் மந்திகை ஆஸ்பத்திரி எனக்கு எதிரான சாட்சி. ஊறணி ஆஸ்பத்திரி இரண்டாம் சாட்சி. விண்ணப்பக் கட்டணம் மூவாயிரம் பவுணுக்கு மேல். மறுத்தால் காசு திரும்பாது.

சரி, படிவத்தையாவது பார்ப்போமென்று காலையில் மனைவியோடு நெல்லியடியில் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போனேன். அந்தப் படிவத்திலேதான் குணம் விசாரிக்கிறார்கள். எழும்பி நிற்க ஏலாதவன் என்று வைத்தியர் கையெழுத்தோடு நிரூபித்த ஆளிடம், போர்க்காலத்திலோ சமாதான காலத்திலோ போர்க்குற்றம் செய்தீரா, இனப்படுகொலையில் சம்பந்தப்பட்டீரா என்று கேட்கிறார்கள். வல்வெட்டித்துறைக் கரையில் பிறந்தவனிடம் கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்ததைப் பற்றிக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. 'இல்லை', 'இல்லை' என்று கடைத் தம்பி தட்டிக்கொண்டே போனான். கடைசியில் ஒன்று வந்தது: நல்ல குணமுள்ளவர் அல்ல என்று கருத இடம் தரக்கூடிய வேறு ஏதாவது செய்திருக்கிறீரா?

"இல்லையெண்டு போடு" என்றேன்.

"பொறு தம்பி" என்றாள் மனைவி.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறாள். தைப்பொங்கல் பட்டப்போட்டிக்கு வீட்டுப் புதுச் சேலையைக் கிழித்து வால் கட்டியது. அம்மன் கோயில் திருவிழாவுக்கென்று போய் விடியும்வரை முன்னூற்றிநாலு விளையாடியது. சித்தப்பாவின் ஏணியை இரவல் வாங்கி, அவர் செத்து, அந்தியேட்டியும் முடிந்து, இன்னமும் திருப்பிக் கொடுக்காதது. மச்சானின் மகளின் சாமத்திய வீட்டு வீடியோவில் எல்லாப் பந்தியிலும் நான் இருந்தது. தம்பி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். படம் எடுக்க வந்து வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் விசயத்தையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் ஒருவன் மட்டுமா? அந்தக் கேள்விக்கு வல்வெட்டித்துறை மனச்சாட்சியோடு பதில் எழுதினால் ஒரு குஞ்சும் கட்டுநாயக்கா தாண்டாது. கோடியக்கரைப் பக்கம் இரவில் போய், சுங்கத்தைக் கரைச்சல்படுத்தாமல் சேலைக்கட்டு இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவில் கணக்காளர்கள். இந்த இடத்தில் எங்களூர்க்காரன் எவனும் அன்னபூரணியை இழுப்பான்; நானும் இழுக்கிறேன். இங்கே கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். எங்கள் ஆட்கள்தான் ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குளிக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தால் கடலைக் காட்டியிருப்பார்கள்.

மற்ற நாடுகள் திறமோ? பெற்றோரைக் கூப்பிடக் கனடா லொத்தர் குலுக்கியது. அவுஸ்திரேலியாவில் கூடுதல் காசு கட்டாத பெற்றோருக்கு முப்பது வருசத்துக்கு மேல் வரிசை. அங்கே பன்னிரண்டு மாதம் மறியல் தீர்ப்பு வாங்கியவர் குணப் பரிசோதனையில் தவறிவிடுவாராம். எனக்கு 68. வரிசை முடியும்போது குற்றம் செய்யப் பல்லும் இருக்காது.

"அப்ப விசிற் விசாவில போங்கோ ஐயா" என்றான் தம்பி. அதற்கோ நான் கல்லுப்போல இருக்க வேண்டும். வீட்டு உறுதி, தென்னங்காணி, வங்கிப் புத்தகம் எல்லாம் காட்டி, கட்டாயம் திரும்பி வருவேன் என்று நம்பவைக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே கந்தோர். ஒரு படிவத்துக்குப் படுக்கையில் கிடக்க வேண்டும், மற்றதற்குத் தென்னையில் ஏற வேண்டும்.

மனைவிக்கு முழங்கால் வருத்தம் இருப்பதால் அவள் பெயரில் போடலாமோ என்று கேட்டேன். தம்பி வாசித்துப் பார்த்தான். "அம்மாவைப் பார்க்க ஊரில ஒருத்தரும் இருக்கக்கூடாது ஐயா. நீங்கள் இருக்கிறியள்."

"இவரோ?" என்றாள் மனைவி. சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "தம்பி, அந்தக் கடைசிக் கேள்விக்குத் திரும்பப் போ. இண்டைவரைக்கும் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்லையெண்டு எழுது."

அவன் எழுதினான்.