பறக்கும் டாக்ஸி யாருக்கு?

கேள்வி: மின்சாரத்தில் பறக்கும் டாக்ஸி வந்துவிட்டால் நகரத்து நெரிசலும் புகையும் ஒழிந்துவிடுமா சார்?

பதில்: நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போவதால் லட்சம் பேர் நிற்கும் சாலை காலியாகிவிடாது. புகை விஷயத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஃபோர்டு நிறுவனமும் 2019-இல் கணக்குப் போட்டுப் பார்த்தன. செங்குத்தாக எழும்புவதற்கே மின்சாரம் ஏகமாய்ச் செலவாகிறது. 100 கிலோமீட்டர் தூரம், வண்டி நிறைய ஆள் என்றால் லாபம். 35 கிலோமீட்டருக்குள் என்றால், ஒற்றை ஆள் ஓட்டும் பெட்ரோல் காரே மேல்! ஊருக்குள் நாம் போவதெல்லாம் அந்தத் தூரம்தானே?

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. 1977 மே 16, நியூயார்க். பான் ஆம் கட்டடத்து மொட்டை மாடியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரின் கால் முறிந்து சாய்ந்தது. சுழன்ற இறக்கை மாடியில் நாலு பேரைப் பலிகொண்டது. உடைந்த துண்டு கீழே விழுந்து, மாடிசன் அவென்யூவில் நின்ற பெண் ஒருவரும் இறந்தார். அவர் டிக்கெட் எடுத்தவர் அல்ல.

ஆம்புலன்ஸாக வரட்டும், கும்பிட்டு வரவேற்பேன். டாக்ஸி என்றால், யார் வீட்டுக்கு மேல் பறக்கப்போகிறதோ அவர்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள்.