தோல்வி அறியாத திருமகன்

மகாராஜராஜஸ்ரீ பாக்கப் ஸ்கிரிப்ட் அவர்களே! தினமும் ராத்திரி 40 சர்வர்களுக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரே சமயத்தில் ஆள் அனுப்பி, டேட்டாபேஸை மூட்டை கட்டச் சொல்கிறீர்கள். டிஸ்க் நிரம்பி வழியட்டும், சாவி காலாவதியாகட்டும், சர்வரே செத்துக் கிடக்கட்டும். விடிந்ததும் தங்கள் லாக்கின் கடைசி வரி ‘எல்லாம் வெற்றி’ என்றுதான் இருக்கிறது. அமங்கலமாக ஒரு சொல் தங்கள் வாயில் வந்ததுண்டா?

பிள்ளை வளர்ப்பில் தங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு கட்டளையின் வாலிலும் ஒரு ‘&’ ஒட்டி, 40 பிள்ளைகளையும் பேக்ரவுண்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் வெறும் ‘வெயிட்’ ஒன்று போடுகிறீர்கள். எல்லாரும் வீடு திரும்பும்வரை பொறுமையாகக் காத்திருப்பீர்கள்; பாஸா ஃபெயிலா என்று ஒருவரையும் கேட்க மாட்டீர்கள். யாருக்காக என்று சொல்லாமல் போட்ட வெயிட், யார் விழுந்தாலும் 0 என்றுதான் பதில் தரும். பாஷில் 0 என்றால் சுபம். தலைப்பில் கண்டிப்பாக ‘செட் -இ’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேக்ரவுண்டில் விழுந்தவர் பக்கம் அது திரும்பியும் பார்ப்பதில்லை.

தோல்விக் கணக்குக்கென்று தனியாக ஒரு மாறி வேறு வைத்திருக்கிறீர்கள், என்ன நேர்மை! விழுந்த பிள்ளை தன்னிடமுள்ள நகலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, சாகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்விடுகிறது. தங்கள் பேரேட்டில் என்றும் 0. ஒவ்வொருவரின் பிஐடியையும் குறித்து வைத்து, தனித்தனியாக வெயிட் போட்டு முடிவைக் கேட்க வேண்டுமாம். இப்படிச் சில பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். குடும்பத்தில் கலகம் மூட்டும் பேச்சு!

யாரையும் காட்டிக்கொடுக்காத குணத்தையும் சொல்லியாக வேண்டும். 40 பேரின் பேச்சும் ஒரே லாக்கில் கலந்து விழுகிறது. நடுவே ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. எந்த சர்வர் என்று ஊர், பேர் கிடையாது. வரிக்கு முன்னால் சர்வர் பெயரைப் போடுவது தங்களைப் பொறுத்தவரை கோள் சொல்வது.

பாரபட்சமும் தங்களிடம் இல்லை. 40 பேரும் ஒரே ஜம்ப் சர்வரின் வாசலில் ஒன்றாகப் போய் முட்டுகிறார்கள். அங்கே எஸ்எஸ்ஹெச்டியின் இயல்பு ஏற்பாடு 10:30:100. அடையாளம் காட்டி முடிக்காமல் நிற்பவர்கள் 10 ஆனதும், புதிதாக வருபவர்களை 30 சதவீத வாய்ப்பில் திருப்பி அனுப்பத் தொடங்கும். கூட்டம் ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறி, 100 ஆனால் கதவடைப்பு. அதனால் திங்களன்று மூன்றாம் சர்வர், செவ்வாயன்று பதினேழாம் சர்வர் என்று பாக்கப் இல்லாத பாக்கியம் முறைவைத்து எல்லாருக்கும் கிடைக்கிறது. ஒரே தடவையில் எட்டுப் பேரை மட்டும் அனுப்பினால் இந்தச் சமதர்மம் கெட்டுவிடாதா?

பிழை தேட வந்தவர்களையும் தாங்கள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ‘&’ஐ எடுத்துவிட்டு வரிசையாக ஓட்டிப் பார்த்தார் ஒரு புத்திசாலி. லூப் படிக்க வேண்டிய சர்வர் பட்டியலின் மிச்சம் முழுவதையும், முதலில் போன எஸ்எஸ்ஹெச்சே தன் தீனி என்று விழுங்கிவிட்டது. ஒரே சர்வரோடு லூப் முடிந்தது. தேடி வந்த பிழையை மறந்து, புதுப் பிழையோடு அவர் ராத்திரி முழுவதும் மல்லுக்கட்டினார். ‘-என்’ என்று ஒன்று சேர்த்திருந்தால் அந்த அனுபவம் அவருக்கு வாய்த்திருக்குமா?

தங்கள் கீர்த்தி மேலிடத்துக்கும் எட்டிவிட்டது. ஒரு தோல்விகூட இல்லாத லாக்கைக் காட்டி ஸ்லைடு போட்டாயிற்று. மிச்ச சர்வர்களையும் தங்களிடமே ஒப்படைக்கப் போகிறார்களாம். வாழ்க தாங்கள்! ரீஸ்டோர் பண்ணச் சொல்லி ஒருவரும் கேட்காதவரை, தங்கள் புகழுக்கு ஒரு குறையும் வராது.