விடாக்கண்டன்

குன்னூரில் எது கெட்டாலும் பழி மிஸ்ட் மேல்தான். பஸ் வரவில்லையா, மிஸ்ட். துணி காயவில்லையா, மிஸ்ட். எங்கள் எஸ்டேட் ஆபீசில் வைஃபை அறுந்தபோதும் அதே தீர்ப்புதான். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருவது உண்மையே. ஆனால் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் நிற்கிற மேகம் வைஃபை அலையை ஒன்றும் செய்யாது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் செய்யும்.

அந்தச் சுவரை மனதில் வைத்துத்தான் துரை மூன்று அக்சஸ் பாயின்ட் வாங்கி மாட்டினார். (துரை நம்ம ஊர்க்காரர்தான், மலையில் மேனேஜர் என்றால் துரை.) கணக்கு அறையில் ஒன்று, நடையில் ஒன்று, டேஸ்டிங் ரூமில் ஒன்று. மூன்று டப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இருந்தும், கணக்கரின் லேப்டாப்பைத் திறந்தபடியே டேஸ்டிங் ரூமுக்குக் கொண்டுபோனால், தேயிலை ஏலம் ஓடுகிற நேரமாகப் பார்த்து, திரையில் வட்டம் சுற்றும். நேர் தலைக்கு மேலே ஒரு டப்பா வேலையில்லாமல் விளக்கெரித்துக்கொண்டிருக்கும்.

கமாண்ட் விண்டோவைத் திறந்து, லேப்டாப் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். கணக்கு அறை டப்பாவோடு! இரண்டு சுவருக்கு அந்தப்பக்கம் கிடக்கிற உறவை விடவே மாட்டேன் என்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் 1970 முதல் பல கோடி ஒளியாண்டு தூரத்துச் சிக்னலைப் பிடிக்கிறது. அதே மலையில் இருந்துகொண்டு இதற்குக் கூரையில் இருப்பது தெரியவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்து ஏறிவரும் ரயிலுக்குக் குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி, ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அதைச் சொல்லிச் செய்விக்க ஸ்டேஷனில் ஆள் இருக்கிறார். வைஃபையில் அப்படி யாரும் கிடையாது. எந்த எஞ்சின் வேண்டும் என்று வண்டியே முடிவு செய்ய வேண்டும். ஆப்பிள் மேக் என்றால் சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்கு இறங்கும்வரை வேறு டப்பாவைத் தேடாது. தேடினாலும் 12 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் போகும். 802.11வி என்றொரு ஏற்பாடும் உண்டு: 'அடுத்த டப்பாவுக்குப் போயேன்' என்று டப்பாவே சொல்லும். சொல்லத்தான் முடியும். பெற்ற பிள்ளையே கேட்காத காலத்தில் லேப்டாப்பா கேட்கப்போகிறது?

கணக்கரின் லேப்டாப்பில், வைஃபை டிரைவர் அமைப்பில் 'ரோமிங் அக்ரெசிவ்னெஸ்' என்று ஒன்று, ஐந்து படி. உச்சத்தில் வைத்தோம். இப்போது லேப்டாப் மேஜையில் உட்கார்ந்த இடத்திலேயே டப்பா விட்டு டப்பா தாவ ஆரம்பித்தது. "தம்பி, பழைய சனியனே தேவல" என்றார் கணக்கர்.

வைத்தியம் டப்பாவில் இருந்தது. மூன்றுமே முழுப் பவரில், 20 டிபிஎம்மில் அலறிக்கொண்டிருந்தன. டப்பா சொல்வது சுவர் தாண்டி லேப்டாப்புக்குக் கேட்கிறது. அதனால் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று அது நம்பிவிடுகிறது. லேப்டாப் திருப்பிச் சொல்வதோ டப்பாவுக்கு எட்டுவதில்லை. பவரை 14-க்குக் குறைக்கலாம் என்றேன். அப்படியென்றால் எவ்வளவு என்றார் துரை. 100 மில்லிவாட் 25 ஆகும் என்றேன்.

"முழுக் காசு குடுத்து வாங்கினதக் கால்வாசியில ஓட்டறதா?"

"ஆமாங்க சார்."

"அப்ப முக்கால் காசத் திருப்பித் தருவானா?"

தரமாட்டான். ஆனாலும் குறைத்தோம். லேப்டாப் இப்போது நடையைத் தாண்டும்போதே டப்பா மாறிவிடுகிறது. அந்த வார ஏலத்தில் லைன் ஒரு தடவைகூட அறவில்லை. விலை இறங்கியதை ஒரு பைசா விடாமல் பார்த்தோம்.