சாக்கெட் மாகாத்மியம்

பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்று புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிற மனிதனிடம் எனக்கு இப்பொழுதெல்லாம் அனுதாபம் வருவதில்லை, ஆத்திரந்தான் வருகிறது. நேற்று மாலை நானே அந்த மனிதனாகப் போய், "போர்டையும் மாத்தணும் சார், ரேமும் சேராது" என்று கடைப் பையன் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளியனூர் திரும்பியிருக்கிறேன். குழவி தேய்ந்துவிட்டது என்று போனவனுக்கு ஆட்டுக்கல்லையும், அதைப் பதித்த தாழ்வாரத்தையும் சேர்த்து விற்கிற சாமர்த்தியம் இது. கேம் ஆட எந்தப் பிராசஸர் உத்தமம் என்று சொல்வதே இங்கு என் நோக்கம். அதற்கு முன் சாக்கெட் விவகாரத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன்.

2009-இல் இன்டெல் கம்பெனியார் 1156 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்றை உலகத்துக்கு அருளினார்கள். 2011-இல் பிரசன்னமானதில் 1155. அந்த ஒற்றை முனை பூர்வ ஜன்மத்தில் என்ன பாபம் செய்தது, அதை நீக்காவிடில் எந்த சாம்ராஜ்யம் கவிழ்ந்திருக்கும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. 2013-இல் ஐந்து கழிந்து 1150 ஆயிற்று. 2015-இல், விலக்கப்பட்டவர்களுள் ஒருவரை மட்டும் பிராயச்சித்தம் செய்வித்துச் சேர்த்துக்கொண்டார்கள் போலும், 1151 ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பழைய போர்டு பரணுக்குப் போயிற்று, மரக்காணத்துப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று தின்னட்டும் என்று. எண்ணிக்கை மாறுவதால்தானே இந்தக் கஷ்டம் என்று சமாதானம் அடைந்திருந்த அப்பாவிகளுக்காக, 2017-இல் எட்டாம் தலைமுறையை வெளியிட்டபோது அதே 1151-ஐ வைத்துக்கொண்டே, பழைய போர்டு இதற்கு ஆகாது என்றார்கள். ஒன்றுதான், ஆனாலும் வேறு! விசிஷ்டாத்வைதிகளும் இதற்குப் பாஷ்யம் எழுதத் திணறியிருப்பார்கள். கோர்கள் கூடிவிட்டன, மின்சாரத்துக்கு அதிக முனைகள் வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. சில கில்லாடிகளோ பயாஸைத் திருத்திப் பழைய போர்டிலேயே அதை ஓட்டிக் காட்டினார்கள். பிறகு 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஏஎம்டிக்காரர்கள் சற்று தர்மிஷ்டர்கள். 2017-இல் வந்த ஏஎம்4 போர்டிலேயே, பயாஸை அப்டேட் செய்தால், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யும் உட்காரும். அதிலுள்ள 96 எம்பி எல்3 கேஷ் விளையாட்டில் அசுர பலம். ஆனால் பல போர்டுகளில் அந்த அப்டேட்டை ஏற்றப் பழைய பிராசஸர் உயிரோடு இருக்கவேண்டும். அதே 2022-இல் ஏஎம்5 வந்து, டிடிஆர்5 ரேம் அன்றி வேறெதையும் ஏற்கமாட்டேன் என்றது.

என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு இருநூறு ஃப்ரேம் வந்தாலும் அது காட்டப்போவது அறுபதுதான், அதில் என் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு என்பதை என் சம்சாரத்திடம் கேட்கவேண்டாம். அது கிடக்கட்டும். பிராசஸருக்கு வருகிறேன். அதற்கு முன் இந்த ரேம் சமாசாரம்: டிடிஆர்4-க்கும் 288 முனை, டிடிஆர்5-க்கும் அதே 288 முனை, நடுவிலுள்ள வெட்டு மட்டும் இம்மி நகர்ந்திருக்கிறது. யார் ஐயா அதை நகர்த்தச் சொன்னது?